லைட்டை விடுங்க, முதல்ல ஸ்டாண்டை வாங்குங்க

நம்ம பக்கம் ஒரு பழக்கம் பரவிக்கிட்டு வருது. கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு கேமரா, இல்லாட்டி கேமரா நல்லா இருக்கிற ஒரு ஃபோன். அடுத்தது ஒரு எல்.ஈ.டி. லைட். கடைசியா மிச்சம் இருக்கிற சில்லறைக்கு 'ஏதோ ஒரு ஸ்டாண்ட்'. இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் எங்கள் வாதம். முதலில் ஸ்டாண்ட், அதுவும் நல்ல ஸ்டாண்ட். லைட் அப்புறம் வரட்டும்.

மூன்று காலும் ஒரு கம்பியும் உள்ள சாமானுக்கு ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுவரை வைத்துத்தான் சித்திரம். நிவித்திகலயிலிருந்து கலவானைப் பக்கம் போகிற தோட்டங்களில் படம் எடுக்க நினைக்கிற ஒரு பிள்ளைக்கு அந்தச் சுவர் இந்த ஸ்டாண்ட்தான். ஏன் என்று சொல்கிறோம்.

வெளிச்சம் யாருக்குக் கிடைத்தது?

நம்ம ஆட்கள் இந்த நாட்டில் படம் எடுக்கப்படாதவர்கள் இல்லை. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டவர்கள். 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை விற்ற தபால் அட்டைகளில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண் இருக்கிறார். அதே பெண் இன்றைக்கும் தேயிலைப் பெட்டியின் மேல் சிரிக்கிறார். 1934இல் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' உலகப் புகழ் பெற்ற ஆவணப்படம். அதற்குக் காசு போட்டது தேயிலைப் பிரசார சபை. எல்லாம் வெளியில், எல்லாம் பகலில், எல்லாம் வேலை செய்கிற நேரத்தில்.

ஜூலியா மார்கரெட் கேமரனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் எடுத்தவர். ஒரு முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழணும், எந்தப் பக்கம் இருட்டணும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தவர். கோப்பித் தோட்டச் சொத்து இருந்த குடும்பம். 1875இல் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இருந்தபோது தொழிலாளர்களையும் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கிலாந்துப் படங்களுக்குக் கீழே டெனிசன், டார்வின் என்று பேர் இருக்கு. இங்கே எடுத்து மிஞ்சியிருக்கிற படங்களில் நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் பேரே இல்லை.

இனி உங்கள் வீட்டுக்குள் பாருங்கள். அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் இருக்கிற படம் எது? பல லயங்களில் அது அடையாள அட்டைக்கு எடுத்தது. இல்லாவிட்டால் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போகணும் என்று கடவுச்சீட்டுக்கு எடுத்தது. அரசாங்கம் கேட்டதால் எடுத்த படம். 1977, 1981, 1983 என்று சப்ரகமுவ தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது சுவரில் மாட்டியிருந்ததும் சேர்ந்து எரிந்தது. 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரிப் பக்கம் நனைந்து போனது இன்னொரு பங்கு.

இதில் விடுபட்டது என்ன? வீட்டுக்கு உள்ளே இருக்கிற வாழ்க்கை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. புகை ஏறிக் கறுத்த அடுப்படி. வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து அம்மா பேசுகிற கதை. அங்கே கேமராவைத் தூக்கினால் படம் இருட்டு, அல்லது வாசல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு உருவம். வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கறுப்பு உருவத்தையே 'எதார்த்தம்' என்று கொண்டுபோய்க் கண்காட்சி வைக்கிறார்கள். அது எதார்த்தம் இல்லைங்க. லைட் வைக்காததன் விளைவு. அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அம்மாவின் முகம் நல்லாத் தெரியுதே! கண்ணுக்குத் தெரிகிற முகம் படத்தில் தெரியாவிட்டால் குறை அந்த வீட்டிலா இருக்கு?

லைட் இல்லாமலும் ஸ்டாண்ட் வேலை செய்யும்

நாங்கள் ஸ்டாண்டை முதலில் வைப்பதற்குக் காரணம் எளிது. ஸ்டாண்ட் இல்லாத லைட் ஒரு ஆளின் கையைத் தின்னும். கை நடுங்கினால் வெளிச்சமும் நடுங்கும். லைட் இல்லாத ஸ்டாண்ட் அப்படி இல்லை. இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, வாசலில் விழுகிற வெயிலை உள்ளே திருப்பிவிட்டால் காம்பராவுக்குள் மெதுவான, அழகான வெளிச்சம் வரும். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

இது ஏழைகளுக்கான தந்திரம் என்று நினைக்காதீர்கள். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா இதைத்தான் செய்தார். காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, லைட்டை அதில் அடித்துத் திருப்பினார். பார்க்கிறவர்களுக்கு அது வானத்திலிருந்து இறங்குகிற வெளிச்சம் போலவே இருந்தது. 'இயற்கை ஒளி' என்று கொண்டாடப்படுகிற பலதுக்கும் பின்னால் யாரோ கட்டிய ஒரு துணி இருக்கு. அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்று நிற்குது.

ஆகவே 'பாலுமகேந்திரா இயற்கை ஒளியில்தானே எடுத்தார்' என்று யாராவது சொன்னால், ஆமாம், மட்டக்களப்பு மண்ணில் பிறந்த அந்த மனிசன் வெளிச்சத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைப் படிக்கிறது வேறு, வந்தது வரட்டும் என்று விடுகிறது வேறு.

யூடியூப் அண்ணன்மாருக்குத் தெரியாத தரை

இப்போது ஸ்டாண்டுக்கு வருவோம். யூடியூபில் ஸ்டாண்ட் பற்றிப் பேசுகிற எல்லாரும் ஒரே இடத்தில் நின்று பேசுகிறார்கள்: டைல்ஸ் போட்ட சமதரை, உயரமான சீலிங், ஏசி. நம்ம தோட்டத்தில் சமமான இடம் பிரட்டுக் களமும் கோயில் முற்றமும்தான். மற்றது எல்லாம் ஏற்றம், இறக்கம், படிக்கட்டு, கான். வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற பூமி. அவர்கள் பட்டியல் நமக்கு ஒத்துவராது. நம்ம பட்டியல் இது.

முதலாவது, கால். ஒரு காலையாவது தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுதா என்று பாருங்கள். சரிவில் அந்தக் காலை இறக்கத்துப் பக்கம் நீட்டிவிட்டால் நடுக்கம்பி நேராக நிற்கும். சீ-ஸ்டாண்ட் என்கிற கனமான இரும்பு வகையில் சிலதுக்கு ஒரு கால் கம்பியோடு மேலே ஏறும். அதைப் படிக்கட்டின் மேல்படியில் வைக்கலாம். மூன்று காலும் ஒரே மாதிரி மட்டும் விரிகிற ஸ்டாண்டை ரப்பர் மலையில் வைத்தால் நடுக்கம்பி சாயும், லைட்டும் அதே பக்கம் சாயும். கல்லை அண்டக் கொடுத்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, உயரம். கடைக்காரர் 'தம்பி, இது ஒன்பது அடி போகும்' என்பார். லயத்துக் கூரைக்குள் ஒன்பது அடியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? உட்கார்ந்திருக்கிற ஆளின் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே லைட் இருந்தால் போதும். நமக்கு முக்கியம், எவ்வளவு உயரும் என்பதைவிட எவ்வளவு பணியும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. கால் விரிந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் கேட்கிற ஸ்டாண்ட், கட்டிலும் அலுமாரியும் உள்ள காம்பராவில் ஆளையே வெளியே தள்ளும். தாழ்வான கால் உள்ள ஸ்டாண்டின் காலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மூன்றாவது, காற்றா, சுருளா, ஒன்றுமே இல்லையா? திருகைத் தளர்த்தினால் மேல்க்கம்பி சடாரென்று இறங்குகிற ஸ்டாண்டை வாங்கவே வாங்காதீர்கள். விரல் நசுங்கும், லைட்டும் உடையும். குழாய்க்குள் அடைபட்ட காற்று மெதுவாக இறக்குகிற வகை நல்லது. உள்ளே சுருள்கம்பி வைத்த வகை அதற்கு அடுத்தது.

நான்காவது, தலை. மேல்முனை 16 மில்லிமீட்டர் உலோகக் குமிழாக இருக்கணும். உலகத்தில் பெரும்பாலான லைட்டும் கிளாம்பும் அந்த அளவுக்குத்தான் செய்யப்படுது. அதன் உச்சியில் கால் அங்குலத் திருகோ, எட்டில் மூன்று அங்குலத் திருகோ இருக்கும். வெறும் பிளாஸ்டிக் தலையில் ஒரு கால் அங்குல ஆணி மட்டும் முளைத்திருந்தால் அது ஃபோன் பிடிக்கத்தான் லாயக்கு.

ஐந்தாவது, திருகும் இணைப்பும். முதலில் வெடிப்பது பிளாஸ்டிக் கழுத்து. உலோகத் திருகு கெட்டால் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நட்டு வாங்கி ஓட்டலாம். பிளாஸ்டிக் உடைந்தால் குப்பை. இரும்பு கனம், அதனால் நிதானம், ஆனால் முலாம் போனால் நம்ம மழைக்குத் துருப்பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, லேசு, ஆனால் மூட்டை கட்டாமல் நிற்காது.

பெட்டியில் '4 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அது பாரம் நேர்கீழே இறங்கும்போது உள்ள கணக்கு. சாஃப்ட்பாக்ஸ் போட்டால் பாரம் முன்னுக்குத் தள்ளும். வெளியில் காற்றடித்தால் அது பாய்மரம். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு லீட்டர் தண்ணிப் போத்தலை உச்சியில் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். உச்சியைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், 'அண்ணே, வேற காட்டுங்க' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

வாங்கிய பிறகு மூன்று பழக்கம் போதும். உயர்த்தும்போது கீழ்த் திருகை முதலில் திறந்து தடித்த குழாயை ஏற்றுங்கள், மெல்லியது கடைசி. பாரம் நீட்டுகிற திசையில் ஒரு கால் இருக்கட்டும். மணல் மூட்டையை அந்தக் காலில் தொங்கவிடுங்கள். மணல் மூட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய உரப்பையில் பாதி அளவு மணல் போட்டு இரட்டை முடிச்சுப் போட்டால் அதுவும் மூட்டைதான்.

'எங்ககிட்ட காசு இல்லையே'

சரியான கேள்வி. 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். அதுக்கு எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா எத்தனை பேர் போட்டு வாங்கித் தரணும் என்ற கணக்கு எங்களுக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம்: மலிவான ஸ்டாண்ட் ஏழைக்கு எட்டாத ஆடம்பரம். அது ஆறு மாசத்தில் உடையும். உடையும்போது தனியாக உடையாது, மேலே இருக்கிற லைட்டையும் கொண்டு போகும். கீழே ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஸ்டாண்ட் விழுந்தால் யார் மேலாவது விழாமல் வெறும் தரையில் விழ இடமே கிடையாது.

கேமரா மாடல் வருசா வருசம் பழசாகும். லைட்டும் அப்படித்தான். நல்ல ஸ்டாண்ட் பழசாகாது. ஒரு ஆளுக்கு முடியாது என்றால் ஐந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். கல்யாண வீட்டுக்குக் கதிரையும் அண்டாவும் தோட்டத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு இரண்டு ஸ்டாண்டைப் பொதுவாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?

'இப்ப ஃபோன்லயே நைட் மோட் இருக்கே' என்பது அடுத்த வாதம். நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. ஆள் அசையாமல் நின்றால் சரி. பேசுகிற ஆச்சியின் கை அசையும், முகம் அசையும். வீடியோவில் ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக நெளியும். கூட்டுகிற கணக்கு, வாசல் பக்கமிருந்து வருகிற வெளிச்சம் எந்தத் திசையில் விழணும் என்பதை மாற்றாது. திசையை மாற்ற ஒரு ஆளோ ஒரு ஸ்டாண்டோ வேண்டும்.

யாரும் எடுக்காதது இருக்கு

மலையகம் என்றாலே பனி மூடிய நுவரெலியா தேயிலை மலைதான் என்று வெளியுலகம் நினைக்குது. சப்ரகமுவ அதில் பாதி மறைந்து போகுது. நம்ம பக்கம் ரப்பர் இருக்கு. வெயில் ஏறினால் பால் குறையும் என்று விடியும் முன்னே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் நிழலில் பகலிலும் படம் எடுத்தால் இலையின் பச்சை முகத்தில் ஏறி ஆளையே நோயாளி போலக் காட்டும். ஒரு வெள்ளைத் துணி, அதைப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட், அந்த முகம் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். மாசி மாசம் விடிய விடிய நடக்கிற காமன் கூத்து இருக்கு. கூட்டம் நெருக்கும் அந்தக் களத்தில் மெல்லிய ஸ்டாண்ட் பத்து நிமிசம் தாங்காது.

இதையெல்லாம் எடுக்க வேண்டியவர்கள் நாம். பிள்ளை எடுத்தால் அம்மா பேசுவார். வெளியாள் எடுத்தால் அம்மா சிரிப்பார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கு.

ஆகவே இளைஞர் மன்றங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சேர்க்கிற காசில் பாட்டுப் பெட்டி வாடகையைக் கொஞ்சம் குறைத்து, டிவிசனுக்கு இரண்டு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள். வெள்ளை வேட்டி வீட்டில் இருக்கு. முதல் வேலையாக, மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும் வயசானவர்கள் ஒவ்வொருவரையும் அவர்கள் காம்பராவிலேயே, அவர்கள் விரும்பிய சேலையில், விரும்பிய இடத்தில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பிரின்ட் போட்டுக் கையில் கொடுங்கள்.

படத்துக்குப் பின்னால் பேரை எழுத மறக்காதீர்கள்.