கார் கம்பெனியை நிறுத்திய சின்ன வால்வு!

1997-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி. சனிக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை.

ஜப்பான் நாட்டில் கரியா என்று ஓர் ஊர். அங்கே ஒரு தொழிற்சாலை. காலை 4 மணி 18 நிமிடத்துக்கு அதில் தீப்பிடித்தது.

தீயணைக்கும் படையினர் போராடினார்கள். தீ அடங்கிய பிறகு பார்த்தால், உள்ளே இருந்த எந்திரங்கள் கருகிக் கிடந்தன. ஒன்று அல்ல, இரண்டு அல்ல. சுமார் 500 எந்திரங்கள்!

எரிந்தது கார் தொழிற்சாலை அல்ல. காருக்கு வேண்டிய ஒரு சின்னச் சாமானைச் செய்யும் தொழிற்சாலை. ஆனால், அடுத்த சில நாட்களுக்குள் நின்று போனது எது தெரியுமா? உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றான டொயோட்டா!

உள்ளங்கை அளவுச் சாமானுக்காக அவ்வளவு பெரிய கம்பெனி ஏன் நிற்க வேண்டும்? நின்ற கம்பெனி ஒரே வாரத்தில் எப்படி எழுந்தது?

தொழில் நடத்துகிறவர்கள் மட்டும் அல்ல, தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிகிற ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

தேருக்கு அச்சாணி

அந்தச் சாமானின் பெயர் பி-வால்வு.

வேகமாக ஓடும் காரில் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? காரின் பாரம் முன்பக்கம் சாயும். பின் சக்கரங்களில் பாரம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பின் சக்கரத்தைப் பிரேக் அழுத்திப் பிடித்தால், சக்கரம் இறுகி, கார் வழுக்கிச் சுழலும். அப்படி ஆகாமல், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அளவோடு குறைப்பதுதான் பி-வால்வின் வேலை.

விலை மிகக் குறைவு. கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது இல்லாமல் காரை வெளியே அனுப்ப முடியாது. உயிர் காக்கும் சாமான் ஆயிற்றே! தேர் எவ்வளவு பெரியதானாலும் அச்சாணி இல்லாமல் ஓடுமா?

அதைச் செய்து கொடுத்தது அய்சின் என்ற கம்பெனி. தரமாகச் செய்தது. மலிவாகவும் கொடுத்தது. ஆகவே, டொயோட்டாவுக்கு வேண்டிய பி-வால்வில் 100-க்கு 99 அங்கிருந்தே வந்தது. ஒரு நாளைக்கு 32,500 வால்வுகள் செய்தார்கள். எல்லாம் அந்த ஒரே தொழிற்சாலையில்!

சரி, கிடங்கில் இருக்கும் வால்வை எடுத்துச் சமாளித்திருக்கலாமே என்று தோன்றும். கிடங்கில் வால்வு இல்லை. மறந்துபோய் வைக்காமல் விட்டதல்ல. தெரிந்தேதான் வைக்கவில்லை!

கிடங்கு வேண்டாம் என்றவர்

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் நொடித்துக் கிடந்தது. டொயோட்டாவிடமும் பணம் இல்லை. சாமானை வாங்கிக் குவிக்க வழி இல்லை.

அப்போது டொயோட்டாவில் இருந்த தாய்ச்சி ஓனோ என்ற நிபுணர் ஒரு வழி கண்டார். அமெரிக்காவின் பெரிய பலசரக்குக் கடைகள் நடக்கும் முறை அவருடைய கருத்தைக் கவர்ந்தது. அங்கே வாடிக்கைக்காரர் தமக்கு வேண்டியதை அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வார். எவ்வளவு எடுத்தாரோ அவ்வளவை மட்டும் கடைக்காரர் திரும்ப வைப்பார்.

"தொழிற்சாலையிலும் இப்படிச் செய்தால் என்ன?" என்பதே ஓனோவின் யோசனை.

அதன்படி, கார் பூட்டுகிறவர் ஒரு பெட்டிச் சாமானை எடுத்ததும், அதில் இருக்கும் சீட்டு அதைச் செய்கிறவரிடம் திரும்பிப் போகும். "ஒரு பெட்டி தீர்ந்தது, ஒரு பெட்டி செய்" என்பது அதன் பொருள். இந்தச் சீட்டுக்கு ஜப்பானிய மொழியில் 'கான்பான்' என்று பெயர். சீட்டு வராவிட்டால் செய்யக்கூடாது.

இதில் பல நன்மைகள். பணம் கிடங்கில் முடங்குவதில்லை. சாமான் துருப்பிடிப்பதில்லை. முக்கியமான நன்மை இன்னொன்று உண்டு. ஆயிரம் மரையாணியைச் செய்து குவித்த பிறகு எல்லாம் கோணல் என்று தெரிந்தால், ஆயிரமும் நஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால், பத்தாவது ஆணியிலேயே குற்றம் தெரிந்துவிடும்.

இந்த முறையினால் டொயோட்டா உயர்ந்தது. உலகத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் இதைப் பார்த்துப் படித்தன.

கச்சாப் பொருள் கிளம்பும் இடத்திலிருந்து, பட்டறை, தொழிற்சாலை, லாரி, கடை என்று பல கை மாறி, வாங்குகிறவர் வீட்டுக்குப் பொருள் வந்து சேரும் வரிசையை 'விநியோகச் சங்கிலி' என்கிறார்கள். அந்தச் சங்கிலியில் சோம்பிக் கிடக்கும் சாமானே இருக்கக்கூடாது என்பது ஓனோவின் கொள்கை.

ஆனால், ஒரு கண்ணி அறுந்தால்?

அந்தக் கேள்விக்குத்தான் கரியாவில் பிடித்த தீ விடை கேட்டது.

நின்றது கார்!

இருப்பில் இருந்த வால்வு இரண்டொரு நாளில் தீர்ந்தது. பிப்ரவரி 4-ந் தேதி, செவ்வாய்க்கிழமைக்குள் டொயோட்டாவின் பெரும்பாலான கார் பூட்டும் வரிசைகள் நின்றுவிட்டன.

நின்றது டொயோட்டா மட்டுமா? கார் நின்றால் கண்ணாடி வேண்டாம். ஆசனம் வேண்டாம். டயர் வேண்டாம். அவற்றைச் செய்யும் நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கும் வேலை இல்லை. அவற்றுக்குச் சாமான் கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் வேலை இல்லை. எங்கோ பிடித்த தீ, எத்தனை வீட்டு அடுப்பை அணைக்கப் பார்த்தது!

பி-வால்வு சின்னதுதான். ஆனால் செய்வது கஷ்டம். உள்ளே துளைகளை மிக நுட்பமாகக் குடைய வேண்டும். அதற்கென்றே செய்த எந்திரங்கள் எரிந்துவிட்டன. அவற்றைப் புதிதாகச் செய்து வாங்க மாதக் கணக்கில் ஆகும்.

ஓடி வந்த கைகள்

அய்சின் கம்பெனி வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளவில்லை. தீப்பிடித்த அன்றைக்கே உதவி கேட்டது. தன் வால்வின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியது. "எங்கள் தொழில் ரகசியம்" என்று பூட்டி வைக்கவில்லை.

அழைப்பைக் கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. சுமார் 200 கம்பெனிகள் கை கொடுத்தன. அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வால்வு செய்வதில் நேரடியாக இறங்கின. அவற்றில் பல, அதற்கு முன் பி-வால்வே செய்தது இல்லை!

தையல் மெஷினுக்குப் பெயர் பெற்ற பிரதர் கம்பெனி கூட வந்தது. தன்னிடம் இருந்த எந்திரத்தை மாற்றி அமைத்து வால்வு குடைந்தது. சாதாரணக் கடைசல் எந்திரங்களை வைத்துக்கொண்டு பட்டறைக்காரர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள். அய்சின் ஆட்கள் வால்வுகளைச் சோதித்துத் தேர்ந்தார்கள். பிரேக் விஷயம் அல்லவா? அவசரம் என்பதற்காகக் குறை உள்ளதைக் காரில் வைக்க முடியுமா?

தீப்பிடித்த நான்கு நாட்களுக்குள் முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. பிப்ரவரி 10-ந் தேதி வாக்கில் டொயோட்டா அநேகமாகப் பழையபடி ஓடத் தொடங்கியது. இடையில் செய்யாமல் போன கார்கள் சுமார் 70,000. இருந்தாலும், மாதக் கணக்கில் நின்றிருக்க வேண்டிய கம்பெனி ஒரு வாரத்தில் எழுந்தது!

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஓடி வந்தவர்கள் யாரும் முதலில் விலை பேசவில்லை. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. வேலையை எடுத்துச் செய்தார்கள்.

அந்த நம்பிக்கை வீண் போகவும் இல்லை. உதவி செய்தவர்களுக்கு ஆன கூலி, எந்திரச் செலவு, சாமான் செலவு எல்லாவற்றையும் அய்சின் கொடுத்தது. டொயோட்டாவும் தனக்கு நேரடியாகச் சாமான் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ஒரு வெகுமதி கொடுத்தது. அந்த ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் தனக்கு விற்ற சரக்கின் மதிப்பில் 100-க்கு 1 வீதம்!

உறவு ஒரே நாளில் வராது

தீப்பிடித்த அன்றைக்குப் போய் உறவு கொண்டாடினால் யார் வருவார்கள்? அந்தக் கம்பெனிகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்தவை. ஒருவர் தொழிற்சாலையை ஒருவர் பார்த்தவை. ஒருவர் குறையை ஒருவர் திருத்தியவை.

சாமான் வாங்கும்போதெல்லாம் பட்டறைக்காரரின் கழுத்தை நெரித்து விலையைக் குறைப்பவர்கள் உண்டு. கொடுக்க வேண்டிய பணத்தை மாதக் கணக்கில் இழுத்தடிப்பவர்களும் உண்டு. "இவன் இல்லாவிட்டால் இன்னொருவன்" என்பது அவர்கள் பேச்சு. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் தீப்பிடித்தால், வரைபடத்தை எத்தனை பேருக்கு அனுப்பினாலும் என்ன பயன்? காலத்தில் கொடுக்கும் பணமும், மதித்துச் சொல்லும் வார்த்தையும் ஆபத்துக் காலத்துக்குச் சேர்த்து வைக்கும் சேமிப்பு. தீ அதை எரிக்காது.

உறவுக்கும் எல்லை உண்டு

உறவு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. அதையும் டொயோட்டாவே அனுபவத்தில் கண்டது.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரிய பூகம்பம் வந்தது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. அந்தப் பூகம்பத்தில் ரெனசாஸ் என்ற கம்பெனியின் நாகா தொழிற்சாலை சேதம் அடைந்தது. காருக்குள் மூளை போல் வேலை செய்யும் 'சிப்பு'களை அங்கே செய்து வந்தார்கள்.

இந்தத் தடவையும் பல கம்பெனிகள் ஆட்களை அனுப்பின. இரவு பகலாகப் பழுது பார்த்தார்கள். ஆனாலும் ஜூன் மாதத்தில்தான் அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கியது. அதுவும் ஒரு பகுதிதான்.

ஏன் இந்தத் தாமதம்? வால்வைக் கடைசல் பட்டறையில் குடையலாம். சிப்பை அப்படிச் செய்ய முடியாது. அதற்குத் தூசு துளியும் நுழையாத அறை வேண்டும். ஒரு சிப்பு உருவாகி முடியவே பல வாரங்கள் ஆகும். பக்கத்துக் கம்பெனிக்கு எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும், கையில் அந்த எந்திரம் இருக்க வேண்டுமே!

அதன் பிறகு டொயோட்டா இரண்டு காரியம் செய்தது. முதலாவது, தனக்குச் சாமான் கொடுப்பவர் யார், அவருக்குக் கொடுப்பவர் யார், அவருக்கும் கொடுப்பவர் யார் என்று அடிவரை விசாரித்துக் கணக்கு எடுத்து வைத்தது. இரண்டாவது, சிப்பு போன்ற சாமான்களைச் சில மாதங்களுக்கு வேண்டிய அளவு இருப்பு வைக்கும்படி, அவற்றைக் கொடுப்பவர்களிடம் ஏற்பாடு செய்தது. கிடங்கே வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்ன கம்பெனி, வேண்டிய இடத்தில் கிடங்கு வைத்தது!

அதன் பலன் 2021-ம் ஆண்டில் தெரிந்தது. உலகம் முழுவதும் சிப்புப் பஞ்சம் வந்தபோது, மற்ற கார் கம்பெனிகள் முதலிலேயே தடுமாறின. டொயோட்டா பல மாதம் தாக்குப் பிடித்தது. பிறகு அதுவும் செப்டம்பர் மாத உற்பத்தியை 100-க்கு 40 அளவுக்குக் குறைக்க நேர்ந்தது. இருப்பு ஆபத்தை ஒழித்துவிடாது. ஆனால் மூச்சுவிட நேரம் கொடுக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

"சரக்கைக் குவித்து வை" என்பார் ஒருவர். "சரக்கே வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டும் முழு உண்மை அல்ல.

குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீரையை அன்றன்றைக்கு வாங்குவார்கள். சேர்த்து வைத்தால் அழுகிப்போகும். அரிசியை மாதத்துக்கு வாங்கி வைப்பார்கள். திடீரென்று தீர்ந்தால் வீடே பட்டினி. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போடுவது இல்லை.

தொழில் நடத்துகிறவரும் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது நாளைக்கு வராவிட்டால், வேறு இடத்தில் செய்து வாங்க எத்தனை நாள் ஆகும்?"

சில நாள் என்றால், இருப்பைக் குறைக்கலாம். ஆனால் செய்து கொடுக்கக்கூடிய இன்னொருவரை இன்றைக்கே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சில மாதம் என்றால், செலவைப் பார்க்காமல் இருப்பு வைக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து மட்டும் வருகிறது என்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

விலை உயர்ந்த சாமானைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். அதனால் அது பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். யாரும் கவலைப்படாத சின்னச் சாமான்தான் ஒரு நாள் தொழிற்சாலையை நிறுத்தும்.

கரியாவில் அன்றைக்கு எரிந்தது எந்திரம். எரியாமல் நின்றது மனிதர்களுக்குள் இருந்த நம்பிக்கை. எந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். நம்பிக்கையை, நன்றாக இருக்கும் காலத்திலேயே நடந்து காட்டித்தான் சம்பாதிக்க வேண்டும்!