செயலி ஒரு கையில், கடிகாரம் இன்னொரு கையில்

என் பெரியம்மா ஒரு மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. போன சித்திரையில், பதினோரு மணி வெயிலில், தெருவைக் கூட்டி முடித்துவிட்டு ஒரு மதில் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருக்கிறாள். எதிர்மாடியிலிருந்து ஒருவர் படம் எடுத்தார். ‘வேலை நேரத்தில் ஊழியர் ஓய்வு’ என்று நகரச் செயலியில் புகார். தெரு, நேரம், இடம் எல்லாம் தானாகவே பதிவாகிவிட்டன. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரிக்குப் போன். சாயங்காலம் பெரியம்மாவுக்கு அரைநாள் கூலி வெட்டு. செயலியில் பச்சை எழுத்தில் ‘தீர்வு காணப்பட்டது.’

“சோறு துன்றத படம் புடிக்கிறாங்கடா கண்ணு. நம்மூர் டீக்கடையில தனி கிளாஸ் வெச்சிருந்தான், வாஸ்தவம். ஆனா நான் குடிக்கிறத எவனும் படம் புடிச்சி மேல அனுப்பல” என்றாள்.

இதற்குப் பெயர்தான் மக்கள் பங்கேற்பு.

2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. நூறு நகரங்கள், மத்திய அரசின் பங்கு மட்டும் ரூ.48,000 கோடி. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பதினொரு நகரங்கள். 2025 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்துவிட்டது, கேமராக்கள் முடியவில்லை. நூறு நகரத்திலும் கட்டுப்பாட்டு மையம் திறந்து, சுவர் முழுக்கத் திரை வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்குச் ‘சீர்மிகு நகரம்’ என்று பெயர். தமிழ் படித்தவன் என்பதால் கேட்கிறேன், சீர் யார் வீட்டுக்குப் போயிற்று? சென்னைக்கு வந்த சீர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகமாக 2019இல் இறங்கியது. கூவக் கரையிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட எங்கள் சனங்கள் பெரும்பாக்கத்தில் இறங்கினார்கள்.

திட்டத்தின் வழிகாட்டு நெறியைப் படித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் குடிமக்கள்தான். குடிமக்களிடம் கருத்துக் கேள், இணையத்தில் வாக்களிக்கச் சொல், செயலியில் புகார் வாங்கு. கெட்ட விஷயம் என்று சொல்லவில்லை. கலெக்டர் ஆபீசில் மனுவோடு நாள் முழுக்க நிற்பதைவிட மேல்தான். ஆனால் இந்தக் குடிமகன் யார்? அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்கு முன் தெரு இருக்கிறது, அது சுத்தமாக இல்லை என்ற வருத்தம் இருக்கிறது. அவன் குப்பையைப் பார்க்கிறவன். குப்பையைத் தொடுகிறவள் அந்த ஆவணத்தில் குடிமகளாக வரவில்லை. ‘சேவை’ என்ற சொல்லுக்குள் மறைந்துகொண்டு வருகிறாள்.

ஒருமுறை அப்படியொரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏசி ஹால், மஞ்சள் சீட்டு, பச்சைச் சீட்டு, உங்கள் கனவு நகரத்தை எழுதி ஒட்டுங்கள் என்றார்கள். ‘துணி மாற்ற ஒரு அறை, கை கழுவச் சோப்பு’ என்று எழுதி ஒட்டினேன். நடத்திய பெண்மணி சிரித்துக்கொண்டே, “இது ஆபரேஷனல் இஷ்யூ சார், விஷனுக்குள்ள வராது” என்று எடுத்துத் தனியாக வைத்தார். வேலை செய்கிறவர்களின் தேவை கனவில்கூடச் சேராது!

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். நாக்பூரிலும் சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மாநகராட்சிகள் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. 2020இல் சண்டிகர் தொழிலாளர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். கழிப்பறைக்குப் போனாலும் கையோடு வருகிறதே என்று பெண்கள் அஞ்சினார்கள். அங்கே அந்த வேலையில் பெரும்பாலும் வால்மீகிகள், இங்கே அருந்ததியர், ஆதிதிராவிடர். மாடியில் நிற்பவன் போனிலும் அதே ஜிபிஎஸ்தான் இருக்கிறது, அதே செயற்கைக்கோள்தான். அவன் கையில் இருந்தால் அது உரிமை, இவள் கையில் கட்டினால் விலங்கு. இந்த வித்தியாசத்தை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. அது இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

எம்.ஏ. படிக்கும்போது பழைய சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவைத் தேடித்தேடிப் படித்தேன். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் சிறை, எப்போது பார்க்கிறார்கள் என்று கைதிக்குத் தெரியாது. பிரமித்துப்போய் ஊருக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். “நாத்து நடுறப்ப மணியக்காரன் வரப்புல கொடை புடிச்சிக்கினு நிப்பானே, அதானே?” என்று கேட்டாள். ஐரோப்பா சிறைக்குள் செய்து பார்த்ததை நம் ஊர் வயல்காட்டில் எப்போதோ செய்துவிட்டது. கிராமத்தைப் பற்றி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் சொன்ன கசப்பு எங்களுக்கும் தெரியும். அந்தக் குடைக்குப் பயந்துதான் நகரத்துக்கு ஓடி வந்தோம். இங்கே குடையைச் சுருக்கி மணிக்கட்டில் கட்டுகிறார்கள்.

இப்போது பெரியம்மா ஊரில் முகம் பார்த்து வருகை போடும் மிஷின். விடியல் அஞ்சரைக்கு மூஞ்சியைக் காட்ட வேண்டும். முக்காடும் வியர்வையும் இருட்டுமாகப் பல நாள் அது அவளை ஒப்புக்கொள்வதில்லை. “நேத்து காட்டுன மூஞ்சிய இன்னிக்கி இல்லன்னுது. முப்பது வருஷமா இந்தத் தெருவுல எவனும் என் மூஞ்சியப் பாக்கல, மிஷினாவது பாக்கட்டும்னு நெனச்சேன்.” மிஷின் ஒப்புக்கொள்ளாத நாளுக்கு யார் கூலி கொடுப்பது? அதைக் கேட்கச் செயலி கிடையாது.

எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. தெருவிளக்கு எத்தனை எரியவில்லை என்று திரையில் தெரிகிறது. 2021 ஜூலையில் இதே அரசு, கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. சாக்கடைக் குழியில் செத்தவர்கள் வேறு கணக்காம், அது ‘அபாயகரமான சுத்திகரிப்பு’. ஒரு சொல்லை மாற்றினால் பிணங்கள் காணாமல் போகும். 1993 முதல் அப்படிச் செத்தவர்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. 2024இல் அரசே நகரங்களில் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர் சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 92 பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் 69 பேர். இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. எந்தச் சேரியில் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

நம் தோழர்களிலேயே சிலர், மிஷின் வந்தால் சாதித்தொழில் ஒழியும், நீ ஏன் எதிர்க்கிறாய் என்கிறார்கள். நான் எதிர்க்கவில்லை. 2018இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள், இறங்கிய மனிதர்களுக்கே அதை இயக்கப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த எந்திரம் ஊர் ஊருக்கு வரட்டும், நானே மாலை போடுகிறேன். ஆனால் குழிக்குள் இறங்கும் எந்திரத்துக்குக் காட்டாத அவசரத்தைக் கூட்டுகிறவளை வேவு பார்க்கும் எந்திரத்துக்கு ஏன் காட்டுகிறார்கள்? ஒன்று மனிதரைக் குழியிலிருந்து வெளியே எடுக்கிறது, இன்னொன்று தெருவோடு சேர்த்து ஆணி அடிக்கிறது. இரண்டையும் ‘தொழில்நுட்பம்’ என்று ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிச் சென்றது. கையில் போன் இல்லாதவர்களா அவர்கள்? அவர்கள் புகாரைப் பதிவு செய்ய எந்தப் போனிலும் இடமில்லை, அதனால் உடம்போடு வந்து உட்கார்ந்தார்கள்.

பங்கேற்பு உண்மையென்றால் கேமராவை ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள். காண்ட்ராக்டர் தலைக்கு எவ்வளவு வாங்குகிறான், கைக்கு எவ்வளவு கொடுக்கிறான், பி.எஃப். கட்டினானா, கையுறை எத்தனை வந்தது? கட்டுப்பாட்டு மையத்துத் திரையில் இதற்கு ஒரு மூலை ஒதுக்க எத்தனை கோடி ஆகும்?

போன மாசம் நானும் குடிமகனாகிப் பார்க்கலாமென்று பெரியம்மா ஊர்ச் செயலியை இறக்கினேன். குப்பை எடுக்கவில்லை, தெரு கூட்டவில்லை, செத்த நாய் அகற்றவில்லை என்று பட்டியல் போகிறது. தொழிலாளிக்கு என்று ஒரு வரி இல்லை. ‘மற்றவை’யைத் தட்டி, ‘இந்தத் தெருவில் கூட்டும் அம்மாவுக்குக் கையுறை இல்லை’ என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது, ‘தீர்வு காணப்பட்டது.’ ஆதாரமாக ஒரு படம் இணைத்திருந்தார்கள். பளிச்சென்று கூட்டிய தெரு, ஓரத்தில் விளக்குமாறோடு பெரியம்மா, வெறுங்கையோடு. படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் வரிசையாக இருந்தது, எத்தனை தருவீர்கள் என்று கேட்டபடி.