எல்லைக் கல்லும் வாக்குச் சீட்டும்

2026ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சுவிற்சர்லாந்தின் மூட்டியே என்னும் சிறு நகரம் பேர்ண் மாநிலத்தை நீங்கி யூரா மாநிலத்தோடு இணைந்தது. படை எதுவும் நகரவில்லை, குருதி சிந்தப்படவில்லை. சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதுமே நாடு துண்டாகிவிடும் என்று அஞ்சுவோர் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1815இல் வியன்னா மாநாட்டிற் கூடிய வல்லரசுகள், பிரெஞ்சு மொழி பேசும் யூரா மக்களை, அவர்தம் விருப்பத்தைக் கேளாமலே, ஜேர்மன் மொழியினர் பெரும்பான்மையாக வாழும் பேர்ணுடன் சேர்த்தன. 1947இல் பிரெஞ்சு மொழி பேசும் அமைச்சர் ஒருவருக்குப் பொதுவேலைப் பகுதி மறுக்கப்பட்டது. உள்ளடங்கியிருந்த மனத்தாங்கல் அன்று இயக்கமாக எழுந்தது. சமஷ்டி நாட்டிலும், ஒரு மாநிலத்துக்குள்ளே சிறுபான்மையினர் புறக்கணிக்கப்படக்கூடும் என்பதற்கு இது சான்று. 1960களில் சிலர் தீவைப்பிலும் இறங்கினர்.

ஆனால், பிணக்கைத் தீர்த்தது தீ அன்று, வாக்குச் சீட்டே. 1974இல் யூரா மக்கள் தனி மாநிலம் வேண்டுமென்று வாக்களித்தனர். அடுத்த ஆண்டு தென்பகுதி மாவட்டங்கள் பேர்ணுடனேயே இருக்க விரும்பின; அவ்விருப்பமும் மதிக்கப்பட்டது. 1978இல் சுவிஸ் மக்கள் நாடளாவிய முறையில் வாக்களித்து, மிகப் பெரும்பான்மையால் புதிய மாநிலத்தை ஏற்றனர். 1979இல் யூரா மலர்ந்தது. நாடு உடைந்ததா? இல்லை, ஒரு மாநிலம் கூடிற்று, அவ்வளவே.

மூட்டியேயின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 2017இல் அந்நகரத்தார் 137 வாக்கு மேலதிகத்தால் யூராவைத் தெரிந்தனர். முறைகேடுகள் காரணமாக அத்தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. வென்றவர் கொதித்தனர், எனினும் மீண்டும் வாக்குச்சாவடிக்கே சென்றனர். 2021இல் 2,114 பேர் ஆமென்றும் 1,740 பேர் இல்லையென்றும் கூறினர். 2024இல் இரு மாநில மக்களும் அதனை அங்கீகரித்தனர். தன் நிலத்தில் ஒரு பகுதியை இழக்கும் பேர்ண் மக்களும் ஆமென்று கூறியதே இதன் சிறப்பு.

குறை இல்லாமலில்லை. 1947இல் எழுந்த வழக்குக்கு முடிவுகாண ஒரு மனித ஆயுள் சென்றது. தோல்வியுற்றோரிற் பலர் இன்று தாம் விரும்பாத மாநிலத்தின் குடிகள். முன்னர் யூரா மக்கள் பேர்ணிடம் கேட்ட நியாயத்தை இனி யூரா இவர்களுக்கு வழங்கல் வேண்டும். நேற்றைய சிறுபான்மை இன்றைய பெரும்பான்மையாகும்போதே அதன் நேர்மை சோதிக்கப்படுகிறது.

சமஷ்டி பிணக்கில்லா நாட்டைப் படைக்கும் மந்திரமன்று. பிணக்கை அறவழியிற் றீர்க்க மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்ட வாயில் அது. வேலிச் சண்டை கண்ட கமக்காரன் இவ்வுண்மையை எளிதில் உணர்வான்: எல்லைக் கல்லை இரவிற் பெயர்ப்பது களவு, இரு காணிக்காரரும் உடன்நின்று பகலில் நாட்டுவது நீதி.