ஐம்பத்தைந்து வயதில் வதிவிடம்

முதுமை வந்து தள்ளுவதற்கு முன்னரே தொழிலை விட்டொதுங்கி, பிறநாடொன்றிற் சென்று நெடுங்காலம் தங்கி வாழ்வது வளமுடைய நாட்டினரிடையே இன்று பரவிவரும் வழக்கம். அவ்வாறு வருவோரை வரவேற்பதற்கென்றே பல நாடுகள் தனி விதிகள் வகுத்துள்ளன. தாய்லாந்து, ஐம்பது வயது நிரம்பியவர் எட்டு இலட்சம் பாத் வங்கியில் வைத்துக் காட்டினால், ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்க அனுமதி கொடுக்கின்றது. மலேசியா 'எனது இரண்டாவது இல்லம்' என்னும் பெயரால் ஒரு திட்டம் நடத்துகின்றது. நம் இலங்கையும் பின்னிற்கவில்லை. ஐம்பத்தைந்து வயது கடந்த வெளிநாட்டார் 15,000 அமெரிக்க டொலரை நிலையான வைப்பாக இட்டு, மாதந்தோறும் 1,500 டொலரும், தம்முடன் தங்குவார் ஒவ்வொருவருக்கும் 750 டொலரும் வருவித்துக் கொண்டால், ஈராண்டு வதிவிட வீசா பெற்று அதனைப் புதுப்பித்தும் வாழலாம் என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கு 'என் கனவு இல்லம்' என்று பெயர். 2022ஆம் ஆண்டில் மற்றொன்றும் அறிவித்தார்கள். இலட்சம் டொலர் வைப்பிடுவோர் பத்தாண்டு தங்கலாமாம். அதன் பெயர் 'பொற்சுவர்க்கம்'. பெயர் சூட்டுவதில் நம் அதிகாரிகள் புலவர்களை விஞ்சிவிட்டார்கள்.

இவ்வாறு வருவோரின் கண் ஊவா மலையிற் படுவது வியப்பன்று. பண்டாரவளையின் காற்று உடலை வருத்தாது. எல்ல என்னும் சிற்றூர் இன்று உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. அப்புத்தளையில் நின்று தெற்கே நோக்கினால், தெளிந்த நாளிற் சமவெளி முழுவதும் காலடியிற் கிடக்கும். வெள்ளைக்கார வணிகர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையருகே கட்டிய 'அடிசம்' மாளிகையைப் பார்த்தவர்கள், ஓய்வுக்காலத்தை இங்குக் கழிக்கும் எண்ணம் புதியதன்று என்பதை உணர்வார்கள். அம்மாளிகையில் இன்று பெனடிக்ற் சபைத் துறவிகள் இருக்கிறார்கள். அதனைக் கட்டியவரிடம் எவரும் வீசாக் கேட்டிருக்கமாட்டார்கள். முடியாட்சியின் குடிமகனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் மொழியைக் கற்பித்து வயிறு வளர்க்கும் நான், வந்து தங்குவாரை வேண்டாமென்று கூறுவேனல்லேன். அவர்கள் வரட்டும், நம் தேநீரை அருந்தட்டும். நான் ஈண்டுப் பேச விரும்புவது அத்திட்டத்திற் கண்ட ஓர் எண்ணைப் பற்றியே. ஐம்பத்தைந்து என்னும் அவ்வெண்ணுக்கு இம்மலையில் ஒரு பழைய வரலாறு உண்டு. எம் கல்லூரி மாணவரிடம் அதனைக் கேட்டபோது, தோட்டத்திற் பிறந்த பிள்ளைகளுள்ளும் ஒருவர்தாமும் அறிந்திருக்கவில்லை. ஆதலின் இங்குச் சற்று விரித்தெழுதுகின்றேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர் என்பது பலரும் அறிந்ததே. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேரே குடியுரிமை பெற்றனர். இவ்வளவும் பாடநூலில் உண்டு. பாடநூலில் இல்லாதது இனி வருவது. 1954 ஒக்டோபரில் நேருவும் கொத்தலாவலையும் டில்லியிற் கூடிப் பேசியபோது, இந்தியப் பிரசையாகப் பதிந்துகொள்ளும் தொழிலாளி ஐம்பத்தைந்து வயது வரையில் இங்கு வேலை செய்யலாம். அதன்பின் நாட்டை விட்டு நீங்கும்படி கேட்கப்படலாம் என்று இலங்கைத் தரப்பு கூறியது. பத்தாண்டு கழித்து, 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் அவ்வயது மீண்டும் வந்தது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரு நாடும் பங்கிட்ட கணக்கையே நாம் பெரிதும் பேசுகின்றோம்: ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆனால் அவ்வுடன்படிக்கையின் இன்னொரு வாசகத்தை நாம் ஊன்றிப் படிப்பதில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்படவுள்ளவர், அனுப்பப்படும் நாள் வரையிலோ ஐம்பத்தைந்து வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை தம் வேலையைத் தொடரலாம் என்பதே அது.

'எது முந்தியதோ' என்னும் அச்சொற்றொடரை இலக்கண ஆசிரியன் என்ற முறையிற் பலகாற் படித்துப் பார்த்துள்ளேன். கப்பல் முந்தினால் வேலை போயிற்று. வயது முந்தினால், கப்பல் வராமலேயே வேலை போயிற்று. வயது முந்தியவர் கப்பல் வரும்வரை எதனை உண்டு வாழ்வார் என்பதற்கு அவ்வாசகத்தில் விடையில்லை. இன்று வெளிநாட்டாருக்கு உள்நுழையும் வாயிலாக அமைந்த அதே வயது, அன்று இம்மலையில் இரத்தம் சுண்ட உழைத்தவருக்கு வெளியேறும் வாயிலாக இருந்தது. ஆங்கே டொலர் பேசுகின்றது. ஈங்கே பேசுவதற்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்ல உடன்படிக்கை இடங்கொடுத்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் உச்ச வரம்பை நாலாயிரம் ரூபாவுக்குக் கீழே இறக்கமாட்டோம் என்பது அன்று கொடுத்த உறுதி. மூன்று தலைமுறை உழைப்பிற்கு அதுவே பெரிய சலுகையாகத் தோன்றியிருக்கின்றது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூதாட்டி ஒருவர் உள்ளார். அவர் தந்தையாரின் கடதாசிகளைப் படித்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார். தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த கட்டில் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று, தற்காலிக வதிவிட அனுமதி முத்திரைகள், பழைய சம்பளத் துண்டுகள் சில. தந்தையார் 1925இற் பிறந்தவர். 1978இற் கடவுச்சீட்டுப் பெற்றார். 1980இல் ஐம்பத்தைந்து நிரம்பவே செக்ரோலில் அவர் பெயர் வெட்டுண்டது. முறை வருமென்று காத்திருந்தார். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. "பாஸ்போட்டு வந்துச்சு, கப்பலுதான் வரலைங்க ஐயா" என்றார் அவ்வம்மையார், சிரித்துக்கொண்டே. மகள் பறித்த கொழுந்தின் கூலியில் பதினேழு ஆண்டு லயத்து வாசலில் அமர்ந்திருந்து, 1997இல் அப்பெரியவர் கண்மூடினார். கையில் இருந்தது ஒரு நாட்டின் கடவுச்சீட்டு. கால் இருந்தது மற்றொரு நாட்டில். இரு நாட்டிலும் அவருக்கென்று ஒரு வேலையோ ஓர் அடி நிலமோ இருக்கவில்லை.

கப்பலேறியவர் பாடு வேறு. பதுளையிலும் பண்டாரவளையிலும் அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைத் தூரையே பற்றிக்கொண்டவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இக்கட்டுரை அதற்கு இடந்தராது.

'வதிவிடம்' என்னும் சொல்லை நம் திணைக்களத்தார் நன்கு தேர்ந்துள்ளார்கள் என்றே சொல்லவேண்டும். வதிதல் என்பது பழந்தமிழில் தங்குதலைக் குறிக்கும். இரைதேடி மீண்ட பறவை தன் சேக்கையில் அடங்குவதையும் அச்சொல்லால் வழங்கினர். பகலெல்லாம் பறந்த பறவைக்கு உரியது வதிவு. உழைத்து மீண்டவனுக்கு மறுக்கப்பட்டதும் அதுவே.

1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்தோரும் அவர்தம் வழிவந்தோரும் பிரசைகளாயினர். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்க்கும் வழி பிறந்தது. 'அவ்வளவுதானே, குறை தீர்ந்ததே' என்று எம் கழக நண்பர் ஒருவர் சென்ற மாதம் வினவினார். தீர்ந்தது நாட்டின் குறை. வீட்டின் குறை தீரவில்லை. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஆணாயின் ஐம்பத்தைந்திலும் பெண்ணாயின் ஐம்பதிலும் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் இருக்கும் லயத்து அறை எவருடையது? அவருடையதன்று. குடும்பத்தில் ஒருவர் தோட்டத்திற் பேர் பதிந்திருக்கும் வரையில் அவர் அங்கு இருக்கின்றார். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டாற் கேள்வி எழுகின்றது. வீசாவின் பெயர் மாறிற்றேயன்றி அதன் தன்மை மாறவில்லை என்பேன். முன்னர் அது கடவுச்சீட்டிற் குத்தப்பட்டது. இப்போது வீட்டுக் கூரையில் எழுதாமல் எழுதப்பட்டிருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, இடர் உண்டென்று அறிந்தும் ஏன் அங்கிருந்தார்கள் என்று கேட்டவர் உண்டு. தமக்கென்று ஒரு துண்டு நிலமில்லாதவர் எங்கே போவார் என்று கேட்டவர் சிலரே.

வெளிநாட்டாருக்கும் இந்நாட்டில் நிலம் எளிதிற் கிட்டாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தடுக்கின்றது என்று சொல்வார் உளர். உண்மையே. ஆயினும் அச்சட்டம் அவருக்கு நீண்ட குத்தகையை விலக்கவில்லை. மாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்திலும் அதற்கு மேலும் வீடு வாங்கவும் விடுகின்றது. இரு கையும் நிறையப் பத்திரங்களோடு அவர் வாழலாம். இந்நாட்டிற் பிறந்து வேறு நாட்டுப் பிரசையானவர்க்கோ இரட்டைக் குடியுரிமை உண்டு. அதற்குத் தகுதியாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்றும் ஐம்பத்தைந்து வயது நிரம்பியிருத்தலே. கனடாவிலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர், "இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் எனக்கும் கிடைக்கும் சேர்" என்று மகிழ்ந்தார். எனக்கும் மகிழ்ச்சியே. அவர் பிறந்த லயத்தில் இன்றும் இருக்கும் அவர் தமக்கையாருக்கு வயது அறுபத்தொன்று; அவர் கையில் எந்தக் கடதாசியும் இல்லை.

தோட்ட நிலம் எவருடையதென்று நோக்கினால் வழி தெளிவாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அஃது அரசுடைமையாயிற்று. 1992 முதல் கம்பனிகள் அதனைக் குத்தகையாக நடத்துகின்றன. எனவே உறுதிப்பத்திரம் கொடுக்கவேண்டியது அரசே. துரையிடம் இரந்து நிற்கவேண்டுவதில்லை. ஏழு பேர்ச் காணியென்றும் இந்திய உதவி வீடென்றும் சில ஆண்டுகளாக நடந்துவருவனவற்றை நான் குறைகூறவில்லை. அவற்றில், வேலையிலிருப்பவருக்கு முன்னதாக ஓய்வு பெற்றவர் பெயரில், அதிலும் தனித்திருக்கும் முதிய பெண்களின் பெயரில், பத்திரம் எழுதப்படவேண்டும் என்பதே என் கோரிக்கை. வேலையிலிருப்பவருக்குத் தோட்டம் நாளையும் வேண்டும். ஓய்வு பெற்றவருக்கோ நாளை குறைவு.

ஊவாவிலுள்ள ஆசிரியர்கள் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறையில் உயர்தர மாணவரைத் தோட்டங்களுக்கு அனுப்பி, ஐம்பத்தைந்து கடந்தோரின் பெயர், வேலை பார்த்த ஆண்டுகள், இருக்கும் லயத்தின் இலக்கம் ஆகியவற்றை எழுதிவரச் செய்யலாம். தகரப் பெட்டிகளில் உள்ள பழைய முத்திரைக் கடதாசிகளைப் படியெடுத்து வைக்கலாம். பசறை மூதாட்டியின் கட்டை நான் படியெடுத்துவிட்டேன். மூலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தபோது, "இதக் காட்டினா வீட்டுக்கு ஒறுதி குடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டார். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அவரிடம் கைநாட்டு வாங்கியுள்ளேன். அடுத்த கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்க எண்ணம்.