பெட்டியை அணைத்த பிறகு...

"தொலைக்காட்சி நம் குழந்தைகளின் கற்பனையைக் கொன்றுவிட்டது" என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறும் எவரும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. கேட்டிருக்கும் பெற்றோரும் ஆமோதித்துத் தலையசைக்கின்றனர். வீடு திரும்பியதும், பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டுமே என்று அதே பெட்டியை, அல்லது இன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட கைப்பேசியை, இயக்கி விடுகின்றனர். குற்றம் சாட்டுவதும் நாமே. குற்றவாளியின் கையில் குழந்தையை ஒப்படைப்பதும் நாமே. இந்த இரட்டை வேடத்தை என்று களையப் போகிறோம்?

இந்தக் குற்றச்சாட்டு அரை உண்மை மட்டுமே. சின்னத்திரையால் குழந்தையின் விளையாட்டை வளர்க்கவும் முடியும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக்கூடக் குழந்தை தானே நிறைவேற்ற இயலாது. எல்லாம் பெரியவர்களாகிய நம் பொறுப்பு.

விளையாட்டு வீண்பொழுதா?

நம் முன்னோர் விளையாட்டை வீணென்று எண்ணவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆடல்களையே குழந்தைப் பருவத்தின் படிகளாக வகுத்தனர். மணலை வீடாகக் காண்பதும், கொட்டாங்கச்சியில் சோறு சமைப்பதும், நாற்காலிகளை வரிசையாக வைத்துப் பேருந்து ஓட்டுவதும் ஒரே வகைச் செயல்கள்தாம். கண்முன் இல்லாத ஒன்றைக் குழந்தை தன் உள்ளத்தால் உண்டாக்குகிறது. நடத்துநராகிச் சீட்டுக் கிழிக்கும் சிறுவன் சிறிது நேரம் பிறர் ஒருவரின் இடத்தில் நின்று பார்க்கிறான். பிறர் துயரை உணரும் பண்புக்கு இதனினும் நல்ல தொடக்கப் பயிற்சி ஏது?

ஓர் அமெரிக்கப் பாடம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உருவான 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்னும் நிகழ்ச்சி 1968 முதல் 2001 வரை அந்நாடெங்கும் ஒளிபரப்பானது. அதை நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ் பரபரப்பு எதையும் காட்டவில்லை. வீட்டுக்குள் நுழைவார், காலணியை மாற்றுவார், குழந்தையிடம் நிதானமாகப் பேசுவார், பேச்சினிடையே மௌனமும் காப்பார். பின்னர் ஒரு சிறு டிராம் வண்டி கற்பனை நாட்டுக்குப் புறப்படும். அங்கே எளிய கைப்பாவைகள் பேசும். வண்டி திரும்பியதும் அங்கு நடந்ததைப் பற்றி அவர் குழந்தையோடு உரையாடுவார். எது நிஜம், எது பாவனை என்ற எல்லை தெளிவாக இருந்தது. பார்த்த குழந்தை அந்தப் பாவனையைத் தானும் செய்து பார்க்கலாம். விலையுயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை.

இந்த நிகழ்ச்சியை வைத்தே யேல் பல்கலைக்கழக உளவியல் அறிஞர்களான ஜெரோம் சிங்கர், டோரத்தி சிங்கர் தம்பதியர் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 1976-இல் வெளியிட்டனர். ஒரு குழுவினர் நிகழ்ச்சியை மட்டும் பார்த்தனர். மற்றொரு குழுவினரோடு பெரியவர் ஒருவர் அமர்ந்து, காட்சியைச் சுட்டிக்காட்டி விளக்கினார். மூன்றாம் குழுவினருக்குத் தொலைக்காட்சியே இல்லை; ஒரு பெரியவர் நேரடியாகப் பாவனை விளையாட்டுகளைக் கற்றுத் தந்தார். முடிவு என்ன? கற்பனை விளையாட்டு மிகுதியாக வளர்ந்தது மூன்றாம் குழுவில். அடுத்து நின்றது, பெரியவரோடு அமர்ந்து பார்த்த குழு. திரையோடு விடப்பட்ட குழந்தைகள் பெற்ற பயன் இவ்விரண்டினும் குறைவே. இவ்வளவு நல்ல நிகழ்ச்சிக்கே அருகில் ஒரு மனிதர் தேவைப்பட்டார் என்றால், நம் வீட்டுக் கார்ட்டூன்களுக்கு எத்தனை பேர் தேவைப்படுவர்?

"பிள்ளை பாட்டுக்கு அமைதியாக இருக்கிறான்" என்று மகிழும் பெற்றோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். அந்த அமைதியை நமது வசதிக்காகவே விரும்புகிறோம். குழந்தையின் நலனுக்கு அதில் பங்கில்லை.

நாம் பார்க்கும் தொடர்கள்

இன்னொரு தவறு நம் கண்ணுக்கே படுவதில்லை. கூடத்தில் தாத்தா செய்தி பார்க்கிறார். இரவில் நெடுந்தொடர் ஓடுகிறது. ஓரத்தில் இரண்டு வயதுக் குழந்தை விளையாடுகிறது. "அது பார்க்கவில்லையே" என்று நாம் அமைதி கொள்கிறோம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள 50 குழந்தைகளைப் பொம்மைகளோடு விளையாட விட்டு, பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றைப் பின்னணியில் ஓட விட்டனர். குழந்தைகள் திரையை அவ்வப்போது சில நொடிகளே பார்த்தனர். ஆயினும் அவர்களின் விளையாட்டு துண்டு துண்டாயிற்று. ஒன்றில் ஊன்றும் கவனமும் குறைந்தது. 2008-இல் வெளிவந்த இவ்வாய்வு நம் வீட்டுக் கூடத்துக்கு அப்படியே பொருந்தும். குழந்தையின் நிகழ்ச்சியைத் திருத்துமுன், நம் நிகழ்ச்சியை நிறுத்தும் துணிவு நமக்கு உண்டா?

முடிவில்லாத காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியபோது மாலையில் சில மணி நேரமே ஒளிபரப்பு. நிகழ்ச்சி தானே முடிந்தது. குழந்தையும் எழுந்து தெருவுக்கு ஓடியது. பார்த்த கதையை அங்கே நடித்தது. 2007-இல் சுட்டி டிவி வந்தபின் முடிவு என்பது மறைந்தது. இன்று கைப்பேசியில் ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது காத்து நிற்கிறது. கற்பனை வேலை செய்யும் இடம் காட்சி முடிந்தபின் வரும் வெறுமைதான். அந்த வெறுமையை நாம் பறித்துவிட்டோம்.

எஞ்சியதையும் தனிப்பயிற்சி வகுப்பு பறித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு வீட்டுப்பாடம், எட்டரைக்கு உணவோடு திரை. இந்த அட்டவணையில் மணல்வீடு கட்ட நேரம் எங்கே? விளையாட்டைக் கொன்ற பழியைத் தொலைக்காட்சியின் தலையில் சுமத்திவிட்டு, மதிப்பெண் மோகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விடுவது நேர்மையாகுமா?

"வேலை முடிந்து களைத்து வருகிறோம், உடன் அமர நேரம் எங்கே?" என்று கேட்கலாம். களைப்பு உண்மைதான். ஆனால் உடன் அமரும் கடமை தாய்க்கு மட்டும் உரியதன்று. தந்தை இருக்கிறார், பாட்டி இருக்கிறார், அக்காள் இருக்கிறாள். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாயின் நன்று என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அந்த ஒரு மணியிலும் அரை மணியைக் குறைத்து, மீதி அரை மணி உடன் அமர்வது ஒரு குடும்பத்துக்கு இயலாத செயலா?

எனவே பெற்றோரே, நிகழ்ச்சி ஒன்றை நீங்களே தெரிந்தெடுங்கள். நிதானமாக நகரும் கதையாக அது இருக்கட்டும். அருகில் அமர்ந்து, "இனி அந்தக் கரடி என்ன செய்யும்?" என்று கேளுங்கள். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுங்கள். பழைய சேலை ஒன்றையும் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கூடம் அலங்கோலமானால் கடிந்துகொள்ளாதீர்கள். குழந்தை முதலில் சலித்துக்கொள்ளும். மீண்டும் திரையைக் கேட்டு அழும். அந்தச் சிறிது நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் சேலை கூடாரமாகும். அட்டைப் பெட்டி கப்பலாகும்.