பசித்த பிள்ளைக்கு உணவுக் கதை

நெஃப்ரோடிக் நோய்க்காக ஸ்டீராய்டு உட்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி முறையிடுவது ஒன்று உண்டு: “எந்நேரமும் சாப்பாட்டு நினைவாகவே இருக்கிறான், டாக்டர்.” அது பேராசை அன்று, மருந்து தூண்டும் பசி. சிறுநீரில் புரதம் வெளியேறி, முகமும் காலும் வீங்கியிருக்கும் அதே காலத்தில் உப்பைக் குறைக்குமாறும் நாங்களே கூறுகிறோம். ஒரு கையால் பசியைக் கொடுத்து, மறு கையால் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம்.

இதன் பின் பல வீடுகளில் உணவைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகிறது. அண்ணனும் அக்காளும் கதவைச் சாத்திக்கொண்டு முறுக்கு தின்கின்றனர். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், “இவ்வளவு சாப்பிடுகிறாயே” என்று பிள்ளையின் காதுபடவே சொல்லிவிடுகிறார். நோயைவிட இந்த வெட்கமே அதனை அதிகம் வாட்டுகிறது. இத்தகைய பிள்ளைக்கு உணவு வரும் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது கொடுமையாகாதா என்று சிலர் கேட்கின்றனர். வாசித்துக் காட்டத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து. வீட்டில் பேசத் தகாததாகிவிட்ட ஒன்றைப் பிள்ளை மீண்டும் மகிழ்ச்சியோடு பேசுவதற்குக் கதை இடம் தருகிறது.

நாங்கள் பரிந்துரைப்பது ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானாகி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக இது தமிழிலும் கிடைக்கிறது. முழுவதும் உணவைப் பற்றிய நூல் என்று சொல்ல இயலாது. ஆயினும் உணவு வரும் அத்தியாயங்களே பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடுகின்றன. அத்தியாயங்கள் சிறியவை. இரவுக்கு ஒன்று போதும்.

பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட தோக்கியோவின் தோமோயே பள்ளியில், கோபயாஷி என்னும் தலைமையாசிரியர் மதிய உணவு வேளையில் ஒவ்வொரு பிள்ளையின் டப்பாவையும் பார்த்துக்கொண்டே வருவார். கடலில் கிடைப்பது ஏதேனும், மலையில் விளைவது ஏதேனும் அதில் இருக்க வேண்டும் என்பதே அவர் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டது. ஏதேனும் ஒன்று குறைந்தால், பின்னால் இரண்டு பாத்திரங்களுடன் வரும் அவருடைய மனைவி அதை வைத்துவிட்டுப் போவார். “உன் அம்மா ஏன் இதை வைக்கவில்லை?” என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. எங்கள் உணவுப் பட்டியல்களில் ‘கூடாது’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அவரிடம் நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

விளையாட்டு விழா அத்தியாயமும் எங்களுக்கு மிகவும் பிடித்தது. வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி என்ற சிறுவனே அன்று போட்டிகளில் வெல்கிறான். பரிசாகக் கிடைப்பவை முள்ளங்கியும் கீரைக்கட்டும் போன்ற காய்கறிகள். நோயுற்ற பிள்ளை வீட்டுக்கு உணவைக் கொண்டுவருபவனாகத் தன்னை எண்ணிப் பார்ப்பது அரிய செய்தி. நம் வீடுகளில் அவன் எப்போதும் ஊட்டப்படுபவனாகவே இருக்கிறான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். ‘ஒரு வாய் வாங்கினால் ஒரு பக்கம்’ என்று பேரம் பேசாதீர்கள். கதையைத் தூண்டிலாக்கினால் கதையும் கசக்கும், சோறும் கசக்கும். சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் வேண்டாம். படுக்கைக்குப் போகும் வேளையே ஏற்றது. மேலும், முதலில் பெற்றோர் முழு நூலையும் படித்துவிடுவது நல்லது. போலியோவால் பாதிக்கப்பட்ட தோழன் யாசுவாகி இறந்துபோகும் பகுதி அதில் வருகிறது. இறுதியில் குண்டுவீச்சில் பள்ளியும் எரிந்துபோகிறது. அவற்றை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு எந்த நாளில் அதை வாசிப்பது என்பதைத் தாயோ தந்தையோதான் அறிவர்.

முட்டுக்காட்டில் இந்த விளையாட்டு எளிது. ஒருபுறம் கடல், மறுபுறம் காயல். கோவளத்தில் இறங்கும் புது மீனை உப்பைக் குறைத்து, மிளகும் எலுமிச்சையும் சேர்த்துச் சமைத்தால் அது கடற்பங்கு; முருங்கைக்கீரை நிலத்தின் பங்கு. மலை எங்கே என்று கேட்கும் பிள்ளைக்குத் திருக்கழுக்குன்றத்தைக் காட்டலாம். படகுத்துறை வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கும் மாங்காய் எந்தப் பங்கு என்று கேட்டால் நிலத்தின் பங்குதான், ஆனால் உப்பின்றி வாங்குங்கள். (உங்கள் பிள்ளைக்கு உப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமும் உணவியலரிடமும் கேட்டறிக, நோய்க்கு நோய் அது மாறும்.)

இப்புத்தகத்தை வாசிக்கக் கேட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கேளம்பாக்கம் உப்பளங்களின் வழியே மருத்துவமனைக்கு வருபவள், அடுத்த முறை வந்தபோது எங்களை மடக்கினாள்: “உப்பும் கடலில் இருந்துதானே வருது? அப்போ அது என் டப்பால ஏன் இல்லை?” இருக்கிறது, கொஞ்சம்தான், வீக்கம் வடியும்வரை என்றோம். எவ்வளவு கொஞ்சம் என்றாள். உள்ளங்கையை விரித்து, நாள் முழுவதற்கும் உரிய அளவை அதில் வைத்துக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அதை மதியச் சாப்பாட்டிலேயே போடச் சொன்னாள்.