குளிசையையும் ஒளிக்கிறோம், விளைவையும் ஒளிக்கிறோம்

சீனி வருத்தக் குளிசை எங்கட வீடுகளில் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். மனச்சோர்வுக்குத் தரும் புளுஒக்ஸிட்டீன் மட்டும் அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில். ஏனெண்டால் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘விசர்க் குளிசை’.

1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அரிக்கும் நோய்க்கும் தருவார்கள். அந்தப் பெயரை நாங்கள் எதிர்க்கிறோம். குளிசையைத் தந்துவிட்டு அது என்ன செய்யும் என்று சொல்லாமல் விடுவதையும் எதிர்க்கிறோம்.

இது பனடோல் இல்லை. மனம் தெளிய இரண்டு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், பதகளிப்பு எல்லாம் முதல் கிழமையிலேயே வரலாம். இது தெரியாத பிள்ளை ‘எனக்கு ஒத்துவரேல்லை’ என்று நிப்பாட்டிவிடும். பெரும்பாலும் அந்தக் குமட்டல் தானாகக் குறையும் என்று சொல்ல ஆளில்லை.

பாலியல் ஆர்வம் குறையலாம் என்பதைப் பற்றி ஒருவரும் வாயே திறப்பதில்லை. அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். ஆனால் சொன்னால்தானே மாற்றலாம்?

எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம்: 25 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தொடக்கக் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் சிறுவர்களுக்கான எச்சரிக்கையைக் கொண்டுவந்து, 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. இதை வாசிக்கும் எங்களில் அநேகர் அந்த வயதுதான். இதற்காக மருந்தை எறியத் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். ஒளித்துக் குடிக்கிற பிள்ளையை யார் கவனிப்பது? ‘விசர்’ என்ற சொல் செய்கிற கொடுமை இதுதான்.

‘அடிமையாக்கிப் போடும்’ என்பார்கள். சாராயம் மாதிரி இழுத்துப் பிடிக்கிற மருந்தில்லை இது. ஆனால் திடீரென விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரலாம். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

கிளினிக்கில் எவ்வளவு சனம் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன மருந்து, எப்ப வேலை செய்யும், என்ன பக்கவிளைவு வரும்? சாகும் எண்ணம் வந்தால் அடுத்த திகதி வரைக்கும் காத்திராதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதில் கேட்பது உங்கட உரிமை.